கராஜுக்குள் தண்ணீர்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. பனி மாவு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அள்ளி உருண்டை பிடித்தால் பிடிபடாமல் விரலிடுக்கில் கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் எங்கள் ஊரில் ஒரு சொட்டு ஈரம் எங்கேயும் இருக்காது. உதடு வெடிக்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில் நான் கராஜ் கதவைத் திறந்தபோது உள்ளே சுவரெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ருசியே இல்லை.

அப்புறம்தான் அலமாரி ஞாபகம் வந்தது. பெண்கள் ஐஸ் ஹாக்கி டீமின் ஸ்கேட்கள் இரண்டு வரிசையாக அதில் இருந்தன. முந்தின நாள் மாலைதான் எல்லாவற்றுக்கும் சாணை பிடித்து வைத்திருந்தேன். நகத்தை வைத்தால் நகத்தைச் சீவுகிற கூர். இப்போது ஒவ்வொரு பிளேடின் விளிம்பிலும் பழுப்புப் புள்ளிகள் இருந்தன, அதிகம் பழுத்த வாழைப்பழத் தோலில் இருப்பதைப் போல.

துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்து முடிப்பதற்குள் ரொக்ஸான் வந்துவிட்டார். அந்த டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். ஒரு ஸ்கேட்டை எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார்.

“ஒரிஸ்யா, என்னது இது?”

“துரு.”

“துருன்னு தெரியுது. நேத்து நான் குடுக்கும்போது இது இல்லையே?”

குனிந்து அடுத்த பிளேடைத் துடைத்தேன். கேள்வி என்றால் நான் எப்போதும் அப்படித்தான்.

“இதப் போட்டுக்கிட்டு எறங்குனா என் பொண்ணுங்க ஐஸ் மேல ஓட மாட்டாளுங்க, ஐஸை உழுவாளுங்க. வசந்தத்துல கோதுமை வெதைக்கலாம்” என்றார். சிரிக்கவில்லை. “இந்தத் தடவை பரவால்ல, பயிற்சிதான். அடுத்த வாரம் நம்ம ஊர்ல போட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பக் கொண்டாரேன். அப்பவும் இப்பிடியே இருந்துச்சுன்னா நான் பக்கத்து ஊருக்குத்தான் எடுத்துட்டுப் போகணும். கோவிச்சுக்காத, என்ன?”

தலையாட்டினேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபரில் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எழுந்து நின்று பதில் சொல் என்றால் எனக்குக் குரல் வராது, அவ்வளவுதான். அம்மா என்னைத் திட்டவில்லை. “நம்ம கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன்” என்று மட்டும் சொன்னார். நம்ம கிறிஸ்துமஸ் என்றால் ஜனவரி ஏழு, யுக்ரேனியக் கிறிஸ்துமஸ். “அதுக்குள்ள உனக்குன்னு நெசமான வேலை ஒண்ணு இருந்தா இங்கயே இரு. இல்லன்னா சாஸ்கட்டூனுக்குப் போ. நத்தால்கா வீட்டுல இருந்து படிப்ப முடி.” நகரத்தில் இருக்கிற நத்தால்கா சித்தி வீட்டில் மூன்று பிள்ளைகள். மூவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் கேட்பார்கள். அங்கே பள்ளிக்கூடம் எங்கள் ஊரைவிடப் பெரியது.

ஐஸ் அரங்கில் சாணை பிடித்துக்கொண்டிருந்தவர் அல்பெர்ட்டாவுக்குக் குடிபோனபோது இயந்திரத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவர் ஜன்னலுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஸ்கேட்டின் பிளேடு தட்டையானது இல்லை. நடுவில் மெல்லிய வாய்க்கால் ஓடும், இரண்டு ஓரமும் கூராக நிற்கும். கல் சுழல, பிளேடை ஒரே சீராக இழுக்க வேண்டும். எனக்கு அது வந்தது. பேச வேண்டியதும் இல்லை.

அப்பா எனக்காகத் தன் டிரக்கைக் கராஜிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். தினமும் விடிகாலையில் டிரக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போனார், ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை.

ஆனால் கராஜைச் சூடாக்குவது என்று வந்தபோது அவர் எனக்காகச் செய்கிறாரா, தனக்காகச் செய்கிறாரா என்பது சீக்கிரமே மறந்துபோனது. எங்கள் தெருவில் ஆண்கள் சந்தித்தால் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பதற்கு முன்னால் உன் கராஜ் எத்தனை டிகிரி என்று கேட்பார்கள். பதினைந்து என்று சொல்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து சொல்வார். அப்பா போன வருஷம்வரை எட்டில் இருந்தவர். இந்த வருஷம் கேஸ் சிலிண்டரில் எரியும் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முகம் செக்கச்செவேலென்று கனியும். இடுக்கிலெல்லாம் நுரை அடித்தார், சுவரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார், பெரிய கதவுக்குப் பழைய பஞ்சு ரஜாயைப் போர்த்தினார், ஜன்னலைச் சுற்றி டேப் போட்டார். ஜன்னலை ஒரு கையகலம் திறந்து வைக்கவும் என்று ஹீட்டரின் முதுகில் எழுதியிருந்தது.

“அத எழுதுனவன் வெயில் காயற ஃப்ளோரிடாவுல உக்காந்து எழுதியிருப்பான்” என்றார் அப்பா. கெட்ட காற்று சேர்ந்தால் அலறுகிற கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினார். அது ஒருநாளும் அலறவில்லை. அவருக்கு அது போதும்.

பத்தொன்பது டிகிரி. பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். கோட்டைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். நான் பின்னால் என் கல்லோடு இருந்தேன்.

இப்போது அந்தப் பத்தொன்பது டிகிரியில் தண்ணீர்.

எதிர்வீட்டு கிளெம் வந்து பார்த்தார். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் உண்டு, பெரும்பாலும் அது கூரை.

“கூரைதான்” என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். “ஒழுகுது.”

“மேல ரெண்டடிப் பனி உறைஞ்சு கெடக்கு. எது ஒழுகும்?” என்றார் அப்பா. “இது பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு வர பனி. நீதான் கிளெம், நீ நடந்து வந்தா ஒரு வயலே கூட வருது.”

“என் பூட்ஸு சுத்தம். உன் கூரைதான் சல்லடை.”

அம்மா வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னார். “அந்தப் பொண்ணுங்களோட ஸ்கேட்டுதான். ஐஸ்ல நனைஞ்சு வருதில்ல? எந்நேரமும் ஈரம், எந்நேரமும் நாத்தம்.”

“அப்ப ஸ்கேட்டை வீட்டுக்குள்ள காய வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“என் வீட்டுக்குள்ளயா? ஹாக்கி ஸ்கேட்டா? அதுக்கு நான் ஒரு பன்னிய வளத்துக்குவேன்.”

இருந்தாலும் ஒரு நாள், சாணைக்கு வந்த ஒரு ஜோடியை வீட்டு அடித்தளத்தில் ஒளித்து வைத்துப் பார்த்தேன். ஸ்கேட் பிழைத்தது. ஆனால் கராஜில் என் இயந்திரத்தின் இரும்புப் படுகை துருப்பிடித்தது. பிளேடைப் பிடித்துக்கொள்ளும் பிடி அதன்மேல்தான் வழுக்கி ஓட வேண்டும். துருவில் அது தடுக்கித் தடுக்கி ஓடி, கூரில் அலையலையாகக் கோடு விழுந்தது. எண்ணெய் பூசினேன். கல்லின் தூள் எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகி, அதுவும் சரிவரவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இதைத் தீர்க்க முடியாது.

எனக்குக் கவலையாக இருந்தது உண்மை. ஆனால் கவலைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை காய்ந்த ஊரில், எல்லா ஓட்டையும் அடைத்த அறைக்குள், இவ்வளவு தண்ணீர் எப்படி? ஒரு நாள் சுவரைத் துடைத்து வாளியில் பிழிந்தால் கால் வாளி வந்தது. மறுநாள் மறுபடியும் கால் வாளி. யாரோ உள்ளே கொண்டுவந்து ஊற்றுகிற மாதிரி.

ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

பூட்ஸ் சுலபம். அப்பாவின் பூட்ஸுக்கு அடியில் தேங்கிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சாலையில் பனி உருக உப்புப் போடுவார்களே, அது. சுவர்த் தண்ணீரில் உப்பே இல்லை. ஆகவே பூட்ஸ் இல்லை.

கூரைக்கு உள்ளிருந்தே ஏணி போட்டேன். பலகை இடுக்குகள் காய்ந்திருந்தன. கீழ்ப்பக்கம், ஆணி முனைகளில் மட்டும், வெள்ளை வெள்ளையாக உறைபனி முளைத்திருந்தது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்துதான் மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. கிளெமின் கூரையும் போயிற்று.

ஸ்கேட் கொஞ்சம் கடினம். எல்லா ஸ்கேட்டும் அவரவர் வீட்டுக்குப் போயிருந்த நாள்களிலும் சுவர் நனைந்தே இருந்தது. அதனால் அம்மாவின் தீர்ப்பையும் தள்ளினேன். அவரிடம் சொல்லவில்லை.

மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு பெரிய ஸ்பேனரை வெளியே பனியில் போட்டு வைத்து, அது நன்றாகக் குளிர்ந்ததும் உள்ளே கொண்டுவந்து தூக்கிப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் அது வெளுத்தது, பிறகு வேர்த்தது, பிறகு சொட்டியது. கராஜின் ஒவ்வொரு மூலையிலும் செய்து பார்த்தேன். எங்கும் அதே. தண்ணீர் சுவரில் இல்லை, காற்றிலேயே இருந்தது. குளிர்ந்த இரும்பு எங்கிருந்தாலும் அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

“என்னடி, ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு சாமி ஊர்வலம் போறியா?” என்றார் அப்பா.

“ச்சும்மா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர் காலியாகிவிட்டது. கடை மூடியிருந்தது. கிளெம் தன் சின்ன மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பாவம், ஆறேழு டிகிரிக்கு மேல் தாங்கவில்லை. வாளிகளில் யாரும் உட்காரவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை சுவர் காய்ந்திருந்தது. ஸ்பேனரைக் கொண்டுவந்து பிடித்தேன். கொஞ்சமாக மங்கியது, சொட்டவில்லை. இயந்திரத்தின் படுகையை விரலால் தேய்த்தேன். விரல் சுத்தமாக வந்தது.

திங்கள் மாலை அப்பா புதுச் சிலிண்டர் வாங்கி வந்தார். செவ்வாய்க் காலை கால் வாளி.

அந்த ஹீட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சிவந்த முகம் மெதுவாகச் சீறியது. அதைத் தொட்டவர் கை வெந்துபோகும். பக்கத்தில் வைத்த கையுறை நிமிஷத்தில் காய்ந்தது. இவ்வளவு காய வைக்கிற ஒன்று எப்படி நனைக்கும்? எனக்கு அது விளங்கவே இல்லை. எங்கோ தவறாகக் கணக்குப் போடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை அம்மா துடைப்பக் கட்டையைக் கையில் திணித்தார். “குழாய்ல ஐஸ் கட்டியிருக்கும். தட்டிவிட்டு வா, இல்லன்னா வீட்டு ஹீட்டரு நின்னுடும்.”

வீட்டின் அடித்தளத்தில் பெரிய ஹீட்டர் எரிகிறது. அதன் புகை பக்கச் சுவர் வழியாக ஒரு வெள்ளைக் குழாயில் வெளியே வரும். குளிர் கடுமையானால் அந்தக் குழாயின் வாயில் ஐஸ் தாடி முளைக்கும். எல்லா வீட்டிலும் முளைக்கும். எட்டு வயதிலிருந்து அதைத் தட்டுகிறவள் நான்.

ஒரு அடி அடித்தேன். தாடி உடைந்து விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கட்டையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தக் குழாய்க்கு மேலே கூரை இல்லை. இங்கே யாருடைய பூட்ஸும் வருவதில்லை. குழாயின் அந்த முனையில் இருப்பது நெருப்பு மட்டும்தான். அப்படியென்றால் இந்த ஐஸ் யாருடையது?

குழாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. கட்டையை அதில் காட்டினேன். உடனே நனைந்தது. வெளியே இழுத்தேன், அடுத்த கணம் கண்ணாடிப் பூச்சாக உறைந்தது. முகர்ந்து பார்த்தேன். புகை வாசனையே இல்லை. நிமிர்ந்து தெருவைப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் மேலும் அதே வெள்ளை மூச்சு நேராக ஏறிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அதைப் புகை என்று சொல்லி வந்திருக்கிறேன். அது ஆவி. நெருப்பு எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது. இந்தத் தெரு முழுக்க, கிளெமின் வீட்டிலும், எங்கள் வீட்டிலும், ஒவ்வொரு அடித்தளத்திலும் நெருப்பு தண்ணீர் செய்துகொண்டிருந்தது. குழாய் அதை வெளியே கொண்டுவந்து தள்ளிவிடுவதால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

கராஜ் ஹீட்டருக்குக் குழாய் கிடையாது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சொல்ல முயன்றேன். அப்பா பெரோகிக் கொழுக்கட்டையில் புளித்த கிரீமைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த ஹீட்டர்...”

“தெரியும் கண்ணு. ஒண்ணு பத்தல.” குரலைத் தாழ்த்தி, பரிசைச் சொல்வதுபோலச் சொன்னார். “தானியக் கிடங்குல சும்மா கெடந்த இன்னொண்ண வாங்கிட்டு வந்துட்டேன். நாளைக்கு ரெண்டையும் போட்டுவிட்டுப் போறேன். சூட்டுல ஒரு சொட்டு நிக்காது பாரு.”

“இல்லப்பா, அது வந்து...”

“நீ கவலப்படாத. உன்ன நான் சாஸ்கட்டூனுக்கு அனுப்ப மாட்டேன்.”

கிரீம் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்துநான்கு. அப்பா இரண்டையும் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனார். மதியத்துக்குள் கராஜ் இருபத்துநான்கு டிகிரி. சுவரில் இப்போது தண்ணீர் வழியவில்லை, ஓடியது. பிளாஸ்டிக் தாள் தொப்பை போட்டுத் தொங்கியது. சாயங்காலம் ரொக்ஸான் ஸ்கேட்களோடு வந்துவிடுவார்.

இதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெளியே இருக்கிற காற்று எலும்பு மாதிரிக் காய்ந்த காற்று. உள்ளே இருக்கிற காற்று நனைந்த துணி. இதைத் துரத்திவிட்டு அதை உள்ளே விட வேண்டும். ஆனால் சூடான கராஜின் கதவை மைனஸ் முப்பத்துநான்கில் திறப்பது என்பதை எங்கள் தெருவில் யாரும் செய்ததில்லை. பிள்ளைகள் சிறுகதவை அரை நிமிஷம் திறந்து வைத்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் வரும்.

பயமாகத்தான் இருந்தது. நான் நினைத்தது சரியா, தப்பா என்று பார்க்கிற ஆசை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இரண்டு ஹீட்டரையும் அணைத்தேன். ஜன்னல் டேப்பை உரித்துத் திறந்தேன். ரஜாயை இறக்கினேன். ஈரத்தில் பெரிய கதவு தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. காலால் நாலு உதை விட்டு, பொத்தானை அழுத்தினேன். கதவு முனகிக்கொண்டே மேலே ஏறியது.

வெளிக்காற்று தரையோடு தரையாக உள்ளே வந்தது. உள்காற்று அதன் மேலே ஏறி வெளியே உருண்டது. வெள்ளை வெள்ளையாக, மலை மலையாக. எதிரே தெரு மறைந்துவிட்டது. நான் வாய் திறந்து நின்று பார்த்தேன். இவ்வளவும் தண்ணீர். இவ்வளவும் அந்தச் சிலிண்டருக்குள்ளிருந்து வந்தது.

அந்த மேகத்துக்குள்ளிருந்து செருப்புச் சத்தம். வீட்டுச் செருப்போடு, ஒரு கையில் தீயணைப்புக் குப்பி, மறு கையில் மண்வெட்டியோடு கிளெம் வந்து சேர்ந்தார்.

“எங்க தீ? எங்க?”

“தீ இல்ல.”

“அப்ப இது என்ன?”

“தண்ணி.”

“தண்ணியா? பொண்ணு, ஒனக்கு ஒண்ணும் ஆகலயே? ஒங்கப்பனுக்குப் போன் போட்டுட்டேன். தீயணைப்பு வண்டிக்குப் போடறதுக்குள்ள நெம்பர் மறந்துபோச்சு.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் டிரக் வந்து நின்றது. கதவை மூடாமல் ஓடி வந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எரிந்தது எதுவும் இல்லை என்று தெரிந்ததும்தான் திறந்த கதவு அவர் கண்ணில் பட்டது.

“யாரு தொறந்தது?”

“நான்.”

“ஒரிஸ்யா! மூணு வாரமா கட்டிக் காப்பாத்துன சூடு!” குரல் உடைந்தது. “மொத்தத்தையும் தெருவுல கொட்டிட்டியே!”

பேச வேண்டிய நேரம். பேச்சு வரவில்லை. அதனால் கிளெம் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினேன். வெளிக்குளிரில் கிடந்த இரும்பு, தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் குளிர். ஒரு ஹீட்டரை மறுபடி பற்றவைத்து, அதன் சிவந்த முகத்துக்கு மேலே மண்வெட்டியைப் பிடித்தேன். கதவு இன்னும் திறந்தே இருந்தது. சுற்றிலும் இருந்தது காய்ந்த காற்று.

இரும்பு வெளுத்தது. வேர்த்தது. ஒரு சொட்டு உருண்டு விளிம்புக்கு வந்து, ஹீட்டரின் மேல் விழுந்து சுர்ரென்றது.

இன்னொரு சொட்டு விழுந்தது.

“மண்வெட்டி அழுவுது” என்றார் கிளெம்.

“அதுல ஒட்டியிருந்த பனியா இருக்கும்” என்றார் அப்பா.

“டேய் பொக்டான், என் மண்வெட்டிய நான் தொடைச்சு மாட்டி வெக்கிறவன். ஒங்கண்ணு முன்னாடி காஞ்சு இருந்துச்சு.” கிளெம் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, வெளியே பனிக்காற்றில் ஆட்டி, சட்டையால் துடைத்து, தானே பிடித்துப் பார்த்தார். மறுபடி சொட்டியது. அவர் முகத்தில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு மலர்ச்சி. “நெருப்புல இருந்து வருதுடா! பச்சத் தண்ணி!”

“வீட்டுக் குழாய்ல ஐஸ் கட்டுதில்லப்பா” என்றேன். “அதே தண்ணி. இதுக்குக் குழாய் இல்ல. வெளிய போக வழி இல்ல.”

அப்பா வீட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். பிறகு தான் நுரை அடித்து அடைத்த இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார்.

“அப்ப நான் ரெண்டாவதையும் போட்டது...”

“ரெண்டு மடங்கு மழை” என்றார் கிளெம் உற்சாகமாக.

“நீ வாய மூடு.”

அதற்குள் சுவரில் இருந்த தண்ணீரெல்லாம் உறைந்து வெள்ளைப் பொருக்காகிவிட்டிருந்தது. அப்பா எழுந்து டிரக்குக்குப் போனார். கோபத்தில் கிளம்பிப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடி சுரண்டுகிற கட்டையை எடுத்து வந்து சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். ஐஸ் தகடு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. நான் பெருக்கினேன். கிளெம் மண்வெட்டியால் அள்ளித் தெருவில் வீசினார். அவருக்குக் காலில் இன்னும் செருப்புதான். போய் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றதற்கு, “நான் போனா நீங்க முடிச்சிடுவீங்க” என்றார்.

கதவை இறக்கினோம். கிளெமின் மின்சார ஹீட்டரை மட்டும் போட்டோம். ஜன்னலை மூன்று விரல் அகலம் திறந்து வைத்தேன். அப்பா வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“அஞ்சு டிகிரி. அஞ்சு டிகிரியில எவன் வேல செய்வான்?”

“நான்.”

ரொக்ஸான் ஸ்கேட்களை வைத்துவிட்டு அவசரமாகப் போனார். நான் கனத்த கோட்டும், விரல்நுனி வெட்டிய கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரொக்ஸானின் டிரக்கிலிருந்து வந்த பிளேடுகள் குளிர்ந்தே இருந்தன. முதல் பிளேடை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மங்கவில்லை. என் முகம் அதில் தெரிந்தது. கல் சுழன்றது, பிடி தடுக்காமல் ஓடியது. பத்துப் பிளேடுக்கு ஒருமுறை விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். முடித்து அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலைவரை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் நான் போவதற்கு முன்னாலேயே அம்மா கராஜில் நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு. நத்தால்கா சித்தி முந்தின நாள் போன் செய்து, அறையைத் தயார் செய்யட்டுமா என்று கேட்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அம்மா எதையும் தொடவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. ரொக்ஸானுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ரொக்ஸான் வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு முதல் ஸ்கேட்டை எடுத்தார். நகத்தை விளிம்பில் வைத்து இழுத்தார். நகம் மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வந்தது. அடுத்ததை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கடுத்தது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புதுசு மாதிரி இருக்கு” என்றார் ரொக்ஸான். அப்புறம் என் கையைப் பார்த்தார். “விரலெல்லாம் ஏன் இப்பிடிச் செவந்திருக்கு? இங்க என்ன இவ்வளவு குளுரு? அட, ஜன்னல் தொறந்து கெடக்கு பாரு...”

கையை நீட்டினார்.

“மூடாதீங்க!”

என் குரல் தகரக் கதவில் மோதித் திரும்பி வந்தது. ரொக்ஸான் நீட்டிய கையோடு நின்றார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

இனி காரணம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். பூட்ஸ் தண்ணீரில் உப்பு இருந்தது, கூரையின் ஆணிகள், ஸ்பேனர், காலியான சிலிண்டர், குழாயின் தாடி, மண்வெட்டி. முதலில் ஒவ்வொரு சொல்லாக வந்தது, பிறகு நிறுத்த முடியாமல் வந்தது. ரொக்ஸான் இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

“அடேயப்பா” என்றார் ரொக்ஸான். ஸ்கேட்களைப் பையில் அடுக்கினார். “பசங்க டீமோடதையும் கொண்டாரச் சொல்லட்டுமா? அவங்க பக்கத்து ஊருக்குத்தான் போயிட்டிருக்காங்க.”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“எல்லாம் இங்கயேதான் இருக்கணும்” என்றார் அம்மா. “ஒண்ணுகூட வீட்டுக்குள்ள வரக் கூடாது. பசங்களோடது இன்னும் நாறும்.”

ரொக்ஸான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அம்மா போகவில்லை. “நத்தால்காகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். சொல்லும்போது அவர் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. அதை அவரே பார்த்துவிட்டார். இன்னொரு தடவை, இந்த முறை வேண்டுமென்றே, மெதுவாக ஊதினார். அது ஜன்னல் பக்கமாகப் போய்க் கரைந்தது.

“ஏன்டி, அப்ப இது?” என்றார். “நமக்குள்ளயும் ஏதாச்சும் எரியுதா?”

ஸ்பேனரைத் தேடி எடுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். அம்மா குனிந்து, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு, நீளமாக ஊதினார்.